தணல், கனல், நீறு பூத்த நெருப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவாலை விடாமல், மெல்ல மெல்ல, உள்ளுக்குள்ளேயே எரியும் நெருப்பைப் பற்றிய பக்கம் இது. பாதிக் கேள்விகள் சொல்லைப் பற்றியவை. மீதி அடுப்பு, வளவு, நுளம்புத்திரி (கொசுவர்த்தி), சாம்பிராணிச் சட்டி பற்றியவை. திருகோணமலைப் பக்கத்துப் பேச்சை வைத்தே எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ சில சொற்கள் வேறாக இருக்கும்.

தணல், கனல், தழல், அனல், கங்கு, கொள்ளி எல்லாம் ஒன்றுதானா?

அகராதி பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு "நெருப்பு" என்று போட்டு முடித்துவிடும். புழக்கத்தில் அப்படி இல்லை.

தணல் என்பது ஒரு பொருள். விறகு எரிந்து முடிந்தபின் அடுப்பில் கிடக்கும் சிவந்த துண்டுகள்தான் தணல். அள்ளலாம், பரப்பலாம், சட்டியில் போட்டு எடுத்துப் போகலாம். "அடுப்புக்குள்ள தணல் கிடக்கா அக்கா, கொஞ்சம் தாங்கோ" என்று கேட்பதில் எந்தக் குழப்பமும் வராது. கங்கும் அதேதான், எங்கள் பக்கத்தில் அதைக் கேட்பது குறைவு, தமிழ்நாட்டில் அதிகம். கொள்ளி என்பது நுனியில் நெருப்புப் பிடித்த விறகு முழுவதும். நுனி சுவாலை விட்டாலும் வெறுமனே சிவந்திருந்தாலும் அது கொள்ளிதான். அனல் முகத்தில் அடிப்பது, அதாவது வெப்பம். அதனால்தான் "அனல் காற்று" என்கிறோம், யாரும் "தணல் காற்று" என்பதில்லை. தழல் இன்றைக்கு எழுத்தில் மட்டும் வாழ்கிறது, அதுவும் பெரும்பாலும் மேடைப் பேச்சுக்காரர் புண்ணியத்தில்.

கனல் இவை எல்லாவற்றிலும் அகலமானது. பெயராகவும் வரும், வினையாகவும் வரும். சுவாலை இல்லாமல் எரிந்துகொண்டிருக்கும் நிலையைச் சொல்ல நமக்கு இருக்கிற நல்ல வினைச்சொல் இதுதான்.

ஒரு வேடிக்கை: மலையாளத்தில் "தணல்" என்றால் நிழல். கேரளாவில் "தணலில் உட்காருங்கள்" என்று யாராவது உபசரித்தால் பயப்பட வேண்டாம்.

"கனன்றது" சரியா, "கணன்றது" சரியா?

கனன்றது. சுழல் – சுழன்றது, அகல் – அகன்றது போல, கனல் – கனன்றது. நிகழ்காலத்தில் கனல்கிறது, கனலுகிறது இரண்டும் வழக்கில் உண்டு. பிறர் செய்தால் கனற்றுதல், சுழற்றுதல் போல.

மூன்று சுழி ண எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்பது புரிகிறது: "கணகண" என்ற இரட்டைக்கிளவியிலிருந்து. தணல் கணகணவென்று இருக்கும், காய்ச்சல்காரரின் உடம்பும் கணகணவென்று காயும். அது வேறு சொல், அங்கே ண சரி. செய்தித்தாள்களில்கூட "கணன்று கொண்டிருந்த" என்று வருகிறது. கண்ணில் பட்டால் திருத்துங்கள்.

சுவாலையே இல்லாமல் ஒரு பொருள் எப்படி எரியும்?

முதலில் சுவாலை எது என்று பார்ப்போம். விறகைச் சூடாக்கினால் அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கிளம்பும். அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான் சுவாலை. ஆகவே நாம் பார்க்கும் மஞ்சள் நாக்கு விறகுக்கு வெளியே, அந்தரத்தில் எரிகிறது.

வாயு போனபிறகு மிஞ்சுவது கரி. அதன் மேற்பரப்பில் ஒட்சிசன் நேரடியாக வந்து பட்டு, திண்மப் பொருளே எரிகிறது. நாக்கு நீட்ட வாயு இல்லை; சிவப்பு மட்டும் தெரியும். இதுதான் கனலுதல். வெப்பநிலையும் சுவாலையை விடக் குறைவு: பெரும்பாலும் 450 முதல் 700 பாகை செல்சியஸ். சுவாலை ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

வேகமும் அப்படித்தான். கனல் பல பொருட்களில் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் நகரும். இந்த மெத்தனம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். சோம்பேறி நெருப்பு என்பதால்தான் இரவு முழுக்க அடுப்பில் காத்து வைக்க முடிகிறது, நுளம்புத்திரி விடியும்வரை தாங்குகிறது; அதே காரணத்தால்தான் மெத்தைக்குள் புகுந்தால் யாருக்கும் தெரியாமல் மணிக்கணக்காக வேலை செய்கிறது.

எல்லாப் பொருளும் கனலுமா?

இல்லை. இரண்டு தகுதி வேண்டும். சூடானால் கரியாக வேண்டும்; உள்ளே காற்றுப் போகத் துளைகள் இருக்க வேண்டும். பொச்சுமட்டை (தேங்காயின் மேல்மட்டை), தும்பு, உமி, மரத்தூள், பஞ்சு, சாக்கு, காய்ந்த சாணி, புகையிலை, பழைய கடதாசிக் கட்டு, நிலக்கரி எல்லாம் தேறும். எங்கள் பக்கத்தில் முதலிடம் பொச்சுமட்டைக்குத்தான். ஒரு நுனியில் நெருப்பு வைத்து, பற்றியதும் ஊதி சுவாலையை நூர்த்துவிட்டு (அணைத்துவிட்டு) மூலையில் போட்டால், தும்பும் தும்புச்சோறும் சேர்ந்து நெடுநேரம் புகையும்.

பிளாஸ்டிக் பைகள், போத்தல்கள் உருகி ஒழுகுமே தவிரக் கனலாது. ஆனால் மெத்தை, சோபாவுக்குள் இருக்கும் பஞ்சு போன்ற நுரை (ரெஜிபோம் வேறு, இருக்கைக்குள் வைக்கும் மென்நுரையைச் சொல்கிறேன்) கனலும்.

எண்ணெயும் தன்னளவில் கனலாது. அது ஆவியாகி, ஆவிதான் எரியும், எரிந்தால் சுவாலைதான். இதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, ஒரு விமானம் சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்றின் மேல் போய் விழுந்தது. நாட்கணக்காக எரிந்தது என்பார்கள். ஒரு வாரம் என்பது ஊர்க்கணக்கு. உருகிச் சரிந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. "நாட்கணக்காகக் கனன்றது" என்று சிலர் எழுதுகிறார்கள். நீண்டநேரம் எரிந்த எல்லாவற்றுக்கும் கனன்றது என்று போடக்கூடாது. அது கொழுந்து விட்டெரிந்தது.

சுவாலை விடும்போது இல்லாத புகை, கனலும்போது ஏன் வருகிறது?

சுவாலை தன் புகையைத் தானே தின்றுவிடும். கனலுக்கு அந்த வெப்பம் போதாது. விறகிலிருந்து கிளம்பும் வாயுவும் தார்த்துளிகளும் எரியாமலே வெளியே வந்து, குளிர்ந்து, வெள்ளையும் மஞ்சளுமான புகையாக நம் கண்ணைக் கரிக்கும். குசினியில் ஊதுகுழலால் ஊதியதும் சுவாலை பிடித்துப் புகை சட்டென்று அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புகை எங்கும் போய்விடவில்லை, எரிந்துவிட்டது.

நன்றாகக் கரியாகிப்போன தணலில் புகையே இராது. அதனால் அது பாதுகாப்பானது என்ற எண்ணம் வரும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"நீறு பூத்த நெருப்பு" என்பதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது?

நீறு என்றால் சாம்பல். தணலின் மேற்பரப்பு எரிந்து எரிந்து வெள்ளைச் சாம்பல் படியும். ஒரு கட்டத்தில் சிவப்பு தெரியாது. பார்க்கிறவருக்கு ஆறிப்போனது. கை வைத்தால் தெரியும்.

ஆகவே இந்தத் தொடருக்கு மூன்று சங்கதி வேண்டும்: முன்பு எரிந்திருக்க வேண்டும், இப்போது அடங்கியது போலத் தெரிய வேண்டும், உள்ளே சூடு இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வேலிக்காணிக்காக அடிபட்ட இரண்டு குடும்பம் இப்போது கலியாண வீட்டில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிறது, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அது நீறு பூத்த நெருப்பு. நேற்றுத் தொடங்கிய வாய்த்தர்க்கத்துக்கு இதைப் போடுவது பொருந்தாது. இன்னும் நீறே பூக்கவில்லையே. அதேபோல் ஊர் முழுக்கத் தெரிந்து ஊர்வலமும் மறியலுமாக நடக்கும் பிரச்சினைக்கும் போட முடியாது. செய்தி எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் போடுகிறார்கள்.

இன்னொன்று. இது எப்போதும் கெட்டதற்கே வர வேண்டும் என்றில்லை. திறமை இருந்தும் ஒதுங்கிக் கிடக்கும் ஒருவரை, "அவன் நீறு பூத்த நெருப்பு, பாருங்கோ ஒருநாள்" என்று பெரியவர்கள் மெச்சிச் சொல்வதும் உண்டு.

மனிதரைப் பற்றிச் சொல்லும்போது கனலுதல், புகைதல், குமைதல், குமுறுதல் எப்படி வேறுபடும்?

புகைதல் வெளியே தெரியும், ஆனால் சின்னது. "அவையளுக்குள்ள ஏதோ புகைச்சல்" என்றால் மனக்கசப்பு, பொறாமை, கதைவழி. புகைச்சலில் மற்றவர் கண்தான் எரியும். நெருப்பில்லாமல் புகையாது என்ற பழமொழி இங்கேதான் வேலைக்கு வரும்.

குமைதல் வெளியே தெரியாது. புழுங்குவது, தனக்குள்ளே வேகுவது. குமைகிறவருக்குப் பெரும்பாலும் எதிர்த்துப் பேச வழியில்லை. வயதான தாய், வேலை கொடுத்தவரிடம் கைகட்டி நிற்பவர், புகுந்த வீட்டில் இருக்கும் பெண் இப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சொல் சரியாக உட்காரும்.

கனலுதலில் கோபத்தோடு ஒரு உறுதியும் இருக்கிறது. கண் கனன்றது, நெஞ்சில் கனன்ற ஆசை, விடுதலைக் கனல். பொறாமைக்குக் கனல் என்று சொன்னால் எனக்குப் பொருந்தாதது போலவே படும். பொறாமைக்கு வயிற்றெரிச்சல் இருக்கிறது, அது போதும். குமுறுதல் எரிமலைக்கும் கடலுக்கும் உரியது. சத்தம் இருக்கும், சற்று நேரத்தில் வெடிக்கும்.

கதை எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்: "அவள் உள்ளம் கனன்று, குமைந்து, புகைந்து, குமுறியது" என்று நான்கையும் அடுக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

இரவில் தணலைக் காத்து, காலையில் அதே நெருப்பில் அடுப்பு மூட்டுவார்களாமே, எப்படி?

2022இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று சலித்துப்போய், மூலையில் கிடந்த அடுப்புக்கல்லைத் தேடி எடுத்த வீடுகளில் இந்தக் கேள்வி திரும்ப வந்தது. முறை சுலபம். இராச்சமையல் முடிந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்து நுனியைத் தட்டினால் தணல் உதிரும். பாலை, வீரை, புளி போன்ற வைரமான விறகின் தணலாக இருந்தால் நல்லது; முருங்கைத் தணல் நிற்காது. தணலை ஒரே குவியலாகக் கூட்டுங்கள். பரப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனியே சூட்டை இழந்து செத்துப்போகும். குவித்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். நடுவில் ஒரு முழுப் பொச்சுமட்டையோ கட்டை விறகோ வைத்து, மேலே அடுப்புச் சாம்பலை நான்கு விரல் கனத்துக்கு மூடுங்கள்.

சாம்பல் இரண்டு வேலை செய்கிறது. காற்றை முழுதாக அடைக்காமல் குறைக்கிறது, சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது. அழுத்தித் தட்டக்கூடாது, தட்டினால் காற்றே போகாமல் நூர்ந்துவிடும். காலையில் சாம்பலை ஒதுக்கி, சிவந்த துண்டின் மேல் தும்பு, காய்ந்த பன்னாடை வைத்து ஊதுகுழலால் மெதுவாக ஊதினால் புகை வரும், பிறகு டப்பென்று பற்றும்.

நெருப்புப்பெட்டி விலை பார்த்து வாங்கிய காலத்தில் எல்லா வீட்டிலும் இது நடந்தது. தவறி நூர்ந்துபோன வீட்டுப் பிள்ளை ஒரு பொச்சுமட்டையோடு அடுத்த வளவுக்கு ஓடும்.

உமிக்காந்தல் என்றால் என்ன?

நெல் உமி எரியும் நெருப்பு. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் உமி மலையாகக் கிடக்கும் இடங்களில் பார்க்கலாம். மேலே கறுப்பு, சில இடங்களில் சாம்பல் நிறம், அவ்வளவுதான், உள்ளே வெந்துகொண்டிருக்கும். உமியில் சிலிக்கா அதிகம். எரிந்தாலும் கூடு குலையாமல் சாம்பல் நின்று காற்றுக்கு வழி விடும், அதனால் கனல் குவியலின் அடிவரை இறங்கும். கன்றுகளும் பிள்ளைகளும் மண் என்று நினைத்து ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. ஏறினால் கால் முழங்கால்வரை புதையும். ஆலைக்காரர்கள் சுற்றி ஒரு கயிறாவது கட்ட வேண்டும்.

நகை செய்பவர்கள் முன்பு உமி நெருப்பை ஓட்டில் வைத்து வேலை செய்ததற்கும் இந்தச் சீரான, மிதமான சூடுதான் காரணம்.

பேச்சில், நீண்டகால வேதனைக்கு உவமையாக வரும். ஒரேயடியாகக் கொல்லாமல் மெல்லச் சுடுவது.

நுளம்புத்திரி எப்படி இரவு முழுக்க எரிகிறது? அந்தப் புகை கெடுதலா?

மரத்தூள், சிரட்டைத்தூள் போன்றவற்றை மாவுப்பசையில் பிசைந்து, நுளம்புக்கான மருந்தைக் கலந்து சுருளாக வெட்டியதுதான் திரி. நேர்க்குச்சியாக இருந்த காலத்தில் அது முக்கால் மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஜப்பானில் உயேயாமா எய்இச்சிரோ என்ற வியாபாரியின் மனைவி யூக்கி, சுருளாக்கினால் நீளமும் கூடும், உடையவும் உடையாது என்று 1895இல் யோசனை சொன்னார். 1902இல் சுருள்திரி கடைக்கு வந்தது. சுருண்டு படுத்திருந்த பாம்பைப் பார்த்து அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். ஏழெட்டு மணி நேரம் தாங்குகிறது.

நுளம்பை விரட்டுவது புகை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சிவந்த நுனியில் மருந்தும் எரிந்துபோகும். நுனிக்குச் சற்றுப் பின்னால், எரியாமல் சூடு மட்டும் ஏறியிருக்கும் இடத்திலிருந்துதான் மருந்து ஆவியாகி அறைக்குள் பரவுகிறது. புகை கூடவே வரும் உபரி.

அந்த உபரி சாதாரணமானது அல்ல. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு திரி முழுதாக எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அளந்தார்கள். சன்னல் எல்லாம் அடைத்து, கட்டிலுக்குக் கீழே திரியை வைத்துப் படுக்கும் பழக்கத்தை விடுங்கள். கைக்குழந்தை இருக்கும் அறையென்றால் நுளம்பு வலைதான் சரி. திரி கொளுத்தியே ஆக வேண்டுமென்றால், தகரத் தாங்கியில், பீங்கான் தட்டின் மேல், திரைச்சீலைக்கும் பாய்க்கும் எட்டமாக.

சாம்பிராணி போட எந்தத் தணல் நல்லது?

சிரட்டைத் தணல். பொச்சுமட்டைத் தணல் உடனே சாம்பலாகிவிடும், விறகுத் தணலில் மிச்சப் புகை சாம்பிராணி மணத்தைக் கெடுக்கும். சிரட்டையை வெளியே வைத்து நன்றாக எரியவிட்டு, சுவாலை முழுதாக அடங்கிய பிறகு சட்டியில் எடுங்கள். மேலே மெல்லிய நீறு பூக்கும்வரை பொறுத்து, அப்புறம் சாம்பிராணித் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் பிசின் உருகிச் சுவாலை பிடிக்கும். மணம் போய்க் கரிநாற்றம் வரும்.

கோயில் தூபக்கால், வெள்ளிக்கிழமை முஸ்லிம் வீடுகளில் பிடிக்கும் சாம்பிராணி, குளிக்கவார்த்த குழந்தையின் தலைக்குக் காட்டும் புகை எல்லாவற்றுக்கும் இதே பக்குவம்தான். குழந்தைக்குக் காட்டும் பழக்கம் பற்றி இப்போது வைத்தியர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். தலை காய்வதற்குத் துவாய் போதும்.

தணலில் சுடுவதற்கும் சுவாலையில் சுடுவதற்கும் என்ன வித்தியாசம்?

சுவாலை வெளியே கரியாக்கி உள்ளே பச்சையாக விடும். தணல் நின்று நிதானமாக வேகவைக்கும். வத்தாளங்கிழங்கு, பலாக்கொட்டை இரண்டையும் சாம்பல் கலந்த தணலுக்குள் புதைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கருவாடு அப்படியல்ல, தணலின் மேலேயே போட்டு, இரண்டு தரம் புரட்டி, கையோடு எடுக்க வேண்டும். சாம்பலைத் தட்டிவிட்டுப் பழஞ்சோற்றோடு… சரி, கேள்விக்கு வருவோம். மீனில் எண்ணெய் வடிந்தால் சுவாலை பிடிக்கும். அப்போது தண்ணீர் தெளிக்காமல், கொஞ்சம் சாம்பல் தூவினால் அடங்கும்.

வளவுக் குப்பையைக் கொளுத்தி, தண்ணீர் ஊற்றி நூர்த்தேன். மறுநாளும் புகைகிறது. ஏன்?

தண்ணீர் மேலே ஓடிவிட்டது. குவியலின் உள்ளே, சருகும் மட்டையும் மக்கிய மண்ணும் கலந்த இடத்தில் கனல் இருக்கிறது. சாம்பலும் கரியும் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. வாளி வாளியாக ஊற்றினாலும் ஒரு வாய்க்கால் பிடித்து ஓரமாக வழிந்து போகும். மண்ணைப் போட்டு மூடுவது இன்னும் மோசம். அடுப்பில் தணல் காக்க என்ன செய்கிறோமோ அதையே இங்கேயும் செய்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: மண்வெட்டியாலோ நீண்ட பிடி வாரியாலோ குவியலைப் பிரித்துப் பரப்புங்கள். செருப்போடு ஏறாதீர்கள். பரப்பிய ஒவ்வொரு பகுதியிலும் தண்ணீர் விட்டு, கிளறி, மறுபடி தண்ணீர். சவர்க்காரத்தூள் கொஞ்சம் கரைத்த தண்ணீர் இன்னும் நன்றாக ஊறும். பிறகு புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் வேலை முடியவில்லை. பழைய மரத்தின் அடியில் கொளுத்தியிருந்தால் வேரையும் பாருங்கள். செத்த வேர் வழியாக நெருப்பு மண்ணுக்குள்ளேயே அடுத்த வேலிவரை போகும்.

கச்சான் வீசும் மாதங்களில், அதாவது மே தொடக்கம் ஆவணி வரை, இந்தப் பக்கத்தில் குப்பை கொளுத்தாமல் இருப்பதே உத்தமம். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று, நேற்றுப் புகைந்ததை இன்று மத்தியானம் சுவாலையாக்கி ஓலைவேலிக்குக் கொடுத்துவிடும். கனலுக்குக் குறைவாக இருந்தது காற்று ஒன்றுதான். அதைக் கச்சான் வாரி வழங்குகிறது. உண்மையில் இலை தழையைக் கொளுத்தவே தேவையில்லை. தென்னம்பாத்தியில் போட்டால் ஒரு மாரியில் மக்கிப்போகும்.

புகையே வராத நல்ல கரித்தணலைக் குளிருக்கோ சமையலுக்கோ அறைக்குள் வைக்கலாமா?

கூடாது. கதவு சன்னல் அடைத்த அறையில் ஒருபோதும் கூடாது.

கனல் முழுமையாக எரியாத நெருப்பு. அதிலிருந்து காபனோரொட்சைட்டு வாயு நிறைய வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினில் ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், அசதி வரும். மாரிமழைக்குக் காய்ச்சல் குணம் போல இருக்கும், படுத்துத் தூங்குவார்கள். எழும்ப மாட்டார்கள்.

அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். எல்லோரையும் வெளியே எடுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மயங்கிக் கிடப்பவருக்காக மூச்சைப் பிடிக்காமல் உள்ளே ஓடி நீங்களும் விழுந்துவிடாதீர்கள்.

மெத்தையில் சிகரெட் விழுந்தது. தண்ணீர் தெளித்துவிட்டேன். போதுமா?

போதாது. பஞ்சு மெத்தை என்றால் மேலே சின்ன ஓட்டை, உள்ளே கனல் கிளை விட்டுப் போயிருக்கும். முழு மெத்தையையும் முற்றத்துக்கு இழுத்துப் போடுங்கள். உறையைக் கிழித்து, பஞ்சைப் பிரித்து, நனையுங்கள். இரவு வீட்டுக்குள் திரும்ப எடுக்காதீர்கள். உள்ளே வைத்தே புகை கிளம்பிவிட்டால், மெத்தையை இழுக்கும்போது காற்றுப் பட்டுச் சுவாலை பிடிக்கலாம். ஆட்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, தீயணைப்புப் படைக்கு 110இல் சொல்லுங்கள்.

காடாற்று என்ற சடங்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. காடு இங்கே சுடுகாடு. ஆற்றுதல் சூடு தணித்தல். தகனம் நடந்த மறுநாள் போனாலும் சிதையின் அடியில் தணல் கிடக்கும். அதன் மேல் தண்ணீரும் பாலும் விட்டு ஆற்றிய பிறகே எலும்பு பொறுக்கிச் சாம்பலைக் கடலில் கரைப்பார்கள். மின் தகனம் வந்த இடங்களில் ஆற்ற எதுவும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

தீமிதிப்பில் கால் ஏன் வெந்துபோவதில்லை?

பக்தி உள்ளவர்கள் அம்மன் காப்பாற்றுகிறாள் என்பார்கள், அதில் நான் தலையிடவில்லை. தணலின் பக்கத்திலிருந்து சொன்னால், கரி மிக இலேசானது. சூட்டைக் கடத்துவதிலும் மந்தம். மேலே பூத்த நீறு இன்னும் மந்தம். ஒவ்வோர் அடியும் ஒரு நொடிக்குக் குறைவாகவே படுகிறது. அதே சூட்டில் இரும்புத் தகடு ஒன்றை விரித்து நடக்கச் சொன்னால் கதை வேறு. குழியை எரித்தவர்கள் சுவாலை அடங்க விட்டு, தணலைத் தட்டிச் சமப்படுத்துவதற்காக இரவு முழுக்க விழித்திருப்பது சும்மா அல்ல. எரிந்து முடியாத கட்டையோ ஆணியோ கிடந்தால் கால் வேகும், வெந்தும் இருக்கிறது. தயாரிப்பில்லாமல் விளையாட்டுக்கு இறங்காதீர்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அடியில் ஏதாவது கனல்கிறதா?

இல்லை. ஏழு கிணற்றுக்கும் இராவணன் கதை இருக்கிறது. எரிமலை மட்டும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே பூமியின் இயல்பான சூட்டைப் பெற்று, வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. எரிவது எதுவுமில்லை.

உலகத்தில் மிக நீண்ட காலம் கனன்ற நெருப்பு எது?

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள விங்கன் மலை. அடியில் ஒரு நிலக்கரிப் படுகை சுமார் ஆறாயிரம் ஆண்டுகளாகக் கனல்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு மீற்றர் அளவில் நகர்கிறது. வந்த வெள்ளைக்காரர்கள் முதலில் எரிமலை என்றே நினைத்தார்கள்.

இந்தியாவில் ஜாரியா நிலக்கரி வயலில் 1916 முதல் எரிகிறது. அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வீட்டுத் தரை வெடித்துப் புகை வருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்ற ஊர் 1962இல் பிடித்த நிலக்கரி நெருப்பால் ஏறக்குறைய முழுதாகக் காலியானது. அது எப்படிப் பிடித்தது என்பதற்கு அதிகம் சொல்லப்படும் காரணம், பழைய சுரங்கக் குழியில் கொட்டிய குப்பையை ஊர்க்காரர்கள் கொளுத்தியது. மேலே வளவுக் குப்பைக்கு அத்தனை வரி எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அணைந்தது, நூர்ந்தது, தணிந்தது, ஆறியது, அடங்கியது: நெருப்புக்கு எதைச் சொல்வது?

நூர்ந்தது எங்கள் பேச்சுச் சொல். எழுத்தில் அதற்கு அணைந்தது. இரண்டும் நெருப்பு இல்லை என்ற பொருளில் வரும். விளக்கை நூர்க்கலாம், அடுப்பை நூர்க்கலாம். அடங்கியது என்றால் சுவாலை போய்விட்டது, தணல் இருக்கலாம். தணிந்தது என்றால் முன்பைவிடக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. ஆறியது மட்டும்தான் சூடும் போய்விட்டது என்று உறுதி சொல்கிறது, அதனால் தணலை "நூர்ந்துபோச்சு" என்று ஒருவர் சொன்னால், "ஆறிப்போச்சா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுக் குப்பைத்தொட்டியில் கொட்டுங்கள்.